நிறம் வேறு, நலம் வேறு: ஊவா வீடுகளில் ஓப்பல் நகை

பதுளை நகரத்தில் ஒரு மோதிரத்தை அடகுக்கு நீட்டினால் முதல் வேலை எடை பார்ப்பது. கல் பதித்திருந்தால் கல்லின் எடையைக் கழித்துவிட்டு, மீதித் தங்கம் எவ்வளவு, என்ன மாற்று என்று கணக்குப் போடுவார்கள். கல்லுக்கு அங்கே காசு இல்லை. தோட்டத்துக் குடும்பங்களின் நகை அறிவு பெரும்பாலும் இந்த மேசையில் உருவானதுதான். பிள்ளையின் படிப்புக்கு ஒருமுறை, கலியாணத்துக்கு ஒருமுறை, வெளிநாட்டு வேலைக்குப் புறப்படுகிறவரின் செலவுக்கு ஒருமுறை என்று வைப்பதும் மீட்பதுமாகவே இருந்ததில் பவுனைப் பற்றி நமக்குத் தெரியாதது குறைவு. கல்லைப் பற்றி அப்படித் தெரிந்துகொள்ள வேண்டிய அவசியம் வரவில்லை. கல் என்பது தங்கத்துக்கு மேல் வைத்த ஒரு பொட்டு, அவ்வளவுதான்.

இந்தப் பழக்கம் ஓப்பல் விஷயத்தில் பெரும் நட்டத்தைக் கொண்டுவருகிறது. ஓப்பல் நகையில் விலையின் பெரும்பங்கு கல்லில்தான் இருக்கும்; பிடித்திருக்கும் உலோகம் பலவேளை வெள்ளியாகவே இருக்கும். அந்தக் கல்லோ, நகைக்குப் பயன்படும் கற்களுள் மிக எளிதில் கெட்டுப்போகக்கூடியவற்றில் ஒன்று. வாங்கியதோ, பரிசாக வந்ததோ, பாட்டியிடமிருந்து கிடைத்ததோ, அதை வைத்துக்கொள்வதா, திருப்பிக் கொடுப்பதா, திருத்துவதா என்று தீர்மானிக்கும் முன் அதன் உடல்நிலையைப் பார்த்தாக வேண்டும். எப்படிப் பார்ப்பது என்பதே இக்கட்டுரையின் கேள்வி.

ஊவாவில் ஓப்பல் விளைவதில்லை. ஆனால் ஊவாவுக்கு ஓப்பல் வருகிறது. அவுஸ்திரேலியாவில் குடியேறிய உறவினர் விடுமுறைக்கு வரும்போது ஒரு பதக்கத்தைக் கொண்டுவருகிறார். அந்நாடு 1993இல் ஓப்பலைத் தன் தேசிய இரத்தினமாக அறிவித்தது. அங்கிருந்து வருகிறவர்கள் தேடி வாங்கும் பரிசாகவும் அது இருக்கிறது. மற்றொரு வழி சாதகம். நவரத்தினங்களில் வைரம் சுக்கிரனுக்குரியது. வைரம் வாங்க முடியாத ரிஷப ராசிக்காரர்களுக்கும் துலா ராசிக்காரர்களுக்கும் அதன் இடத்தில் ஓப்பலைப் பரிந்துரைக்கும் சோதிடர்கள் தமிழ்நாட்டிலும் உண்டு, இங்கேயும் உண்டு. அண்மைக் காலத்தில் கைத்தொலைபேசித் திரையில் பார்த்து வாங்கும் மோதிரங்களும் சேர்ந்துவிட்டன. இந்த மூன்று வழிகளில் சோதிட வழிதான் எனக்கு மிகுந்த கவலை தருவது. ஏன் என்பதைக் கீழே சொல்கிறேன்.

நமக்குப் பழக்கமான கற்கள் வேறு வகை. மொனராகலை மாவட்டத்து ஒக்கம்பிட்டியவில் மண்ணைத் தோண்டிக் கழுவி நீலக்கல்லும் ஸ்பினலும் கார்னெட்டும் சிர்கோனும் எடுக்கிறார்கள். 2012இன் தொடக்கத்தில் கதிர்காமத்துக்கு அருகே வீதி வேலைக்காகக் கொட்டிய மண்ணில் நீலக்கற்கள் தென்பட்டபோது ஊர்பேர் தெரியாத கூட்டமெல்லாம் அங்கே வந்து குவிந்தது. பிறகு தேசிய இரத்தினக்கல் மற்றும் ஆபரண அதிகார சபை அந்த நிலத்தைத் துண்டு துண்டாக ஏலம் விட்டது. இப்படிப்பட்ட மாகாணத்தில் மாணிக்கக் கல் பார்க்கத் தெரிந்த கண்களுக்குப் பஞ்சமில்லை. வெயிலில் தூக்கிப் பிடித்து நிறம் எவ்வளவு ஆழம், உள்ளே வெடிப்பு உண்டா, புகை உண்டா என்று நொடியில் சொல்லிவிடுவார்கள்.

ஆனால் அந்தக் கண் நீலக்கல்லில் பழகியது. நீலக்கல்லின் கடினம் மோஸ் அளவுகோலில் 9. கெவுட என்னும் பால்நிறக் கல்லை 1,500 பாகை செல்சியசுக்கும் மேல் சூடேற்றித்தான் நீலமாக்குகிறார்கள். அந்த உலையில் இருந்தும் கல் முழுதாக வெளியே வருகிறது. ஓப்பலின் கடினம் 5.5 முதல் 6.5 வரைதான். வீட்டுத் தூசியில் கலந்திருக்கும் மணல்துகளின் கடினம் 7. அதாவது தூசி படிந்த ஓப்பலை உலர்ந்த துணியால் அழுத்தித் துடைப்பதே கீறலைப் போடும் வேலை. உலையின் வெப்பம் வேண்டாம். திடீரென்று மாறும் சாதாரணச் சூடே அதை வெடிக்கவைக்கப் போதும். எல்லாவற்றையும்விட முக்கியமான வேறுபாடு இன்னொன்று: வெடித்துப்போன ஓப்பலிலும் நிறம் அப்படியே ஆடும். சிவப்பும் பச்சையும் பளிச்சென்று தெறிக்கும். நிறம் கல்லின் விலையைப் பற்றிச் சொல்லும், நலத்தைப் பற்றி ஒன்றும் சொல்லாது. இந்த இரண்டையும் பிரித்துப் பார்க்கப் பழகிவிட்டால் மற்றதெல்லாம் கைப்பழக்கம்.

ஏன் இப்படி என்பதற்கு ஓப்பலின் உள்ளமைப்பே காரணம். நீலக்கல் போன்றவை ஒழுங்கான படிகங்கள். ஓப்பல் படிகம் அன்று. சிலிக்காவும் நீரும் சேர்ந்து இறுகிய பொருள். நிறம் ஆடும் ஓப்பல்களில் எடையில் பொதுவாக 3 முதல் 10 சதவீதம் வரை நீராகவே இருக்கும். அவுஸ்திரேலிய விஞ்ஞானிகள் 1964இல் மின்னணு நுண்ணோக்கியில் பார்த்து, உள்ளே சிலிக்கா உருண்டைகள் வரிசை வரிசையாக அடுக்கப்பட்டிருப்பதைக் காட்டினார்கள். ஒவ்வோர் உருண்டையும் ஏறத்தாழ 150 முதல் 350 நானோமீட்டர். ஒளி அந்த அடுக்குகளுக்கிடையில் சிதறித் திரும்பும்போது நிறங்களாகப் பிரிகிறது. சிறிய உருண்டைகள் நீலத்தையும் ஊதாவையும் மட்டும் தரும்; பெரியவை சிவப்பையும் தரும். சிவப்பு ஆடும் கல்லுக்கு விலை அதிகமாக இருப்பது இதனால்தான். உருண்டைகளுக்கு நடுவில் இருக்கும் நீர் வேகமாக வெளியேறினால் கல் சுருங்கும். எல்லாப் பக்கமும் ஒரே அளவில் சுருங்காததால் உள்ளே இழுவிசை ஏற்பட்டு மேற்பரப்பில் மெல்லிய வெடிப்புகள் ஓடுகின்றன. காய்ந்த குளத்துச் சேற்றில் விழும் வெடிப்பைப் போன்ற ஒரு வலை. அடுக்குகள் இடம் பெயராததால் நிறம் மட்டும் பிழைத்துக்கொள்கிறது.

இந்த வெடிப்புவலையைக் கண்டுபிடிப்பதுதான் பரிசோதனையின் முதல் வேலை. வெயிலில் பார்க்காதீர்கள். வெயிலில் நிறம் எழும்பி வெடிப்பை மறைத்துவிடும். பண்டாரவளையிலோ ஹப்புத்தளையிலோ மூடுபனி விலகாத காலை வெளிச்சம் இதற்கு நல்லது. மற்ற இடங்களில் வடக்குப் பக்க சன்னலோரம் போதும். கல்லை மெதுவாகச் சாய்த்து, நிறத்தை விட்டுவிட்டு, மேற்பரப்பில் விழும் வெளிச்சப் பிரதிபலிப்பை மட்டும் கவனிக்க வேண்டும். சன்னலின் பிம்பம் கல்லின் மீது வழுவழுப்பாக நகர்ந்தால் நல்லது. மயிரிழைக் கோடுகள் அதை உடைத்தால் சந்தேகப்பட வேண்டும். அடுத்து, நகைக்காரர்கள் கண்ணில் வைத்துப் பார்க்கும் பத்து மடங்கு லென்ஸ். பிறகு, அறையை இருட்டாக்கிக் கைத்தொலைபேசியின் டோர்ச் வெளிச்சத்தைப் பக்கவாட்டிலிருந்தும் பின்னாலிருந்தும் பாய்ச்சிப் பார்ப்பது. கீறல் மேலோடு நின்றுவிடும். வெடிப்பு உள்ளே இறங்கும். ஒரு குறிப்பிட்ட கோணத்தில் அதன் உட்தளம் வெள்ளியாக மின்னிவிட்டு மறையும். சில கற்களில் பழுப்பு மண்துகளோ நிறமற்ற சிலிக்கா நரம்போ இருக்கும். அவை பிறவி அடையாளங்கள். குறையாகத் தோன்றினாலும் நோயல்ல.

வெடிப்பை மறைக்கும் வழி ஒன்று உண்டு, அது மிக எளிது. எண்ணெய். வெடிப்புக்குள் எண்ணெயோ கிளிசரினோ புகுந்தால் அங்கே இருந்த காற்று வெளியேறிக் கோடுகள் கண்ணுக்குத் தெரியாமல் போய்விடும். பளபளவென்று ஈரம் போலத் தெரியும் ஓப்பலைக் கண்டால் மகிழ வேண்டாம். மிதமான சவர்க்கார நீரில் நனைத்துப் பிழிந்த மென்துணியால் துடைத்து, சில நாள் சாதாரண அறையில் விட்டுவிட்டு மறுபடி பார்க்க வேண்டும். தண்ணீர்க் கிண்ணத்தில் கல்லைப் போட்டு வைத்துக் காட்டும் விற்பனையும் இதே காரணத்துக்காக ஆபத்தானது. நீருக்குள் எந்த வெடிப்பும் மறைந்துதான் இருக்கும்.

இதிலிருந்து ஓப்பலைப் பார்ப்பதில் லென்ஸைவிடப் பெரிய கருவி காலம் என்பது புரியும். மண்ணிலிருந்து எடுத்ததும் அவசரமாகப் பட்டை தீட்டிய கல் விற்ற பிறகுதான் வெடிக்கத் தொடங்கும். எத்தியோப்பியாவின் மெஸெஸோப் பகுதியிலிருந்து 1990களில் வந்த பழுப்பு ஓப்பல்கள் அழகாக இருந்தும் பெயர் கெட்டுப்போனது இப்படித்தான்: ஏராளமானவை வாங்கியவர் கையில் வெடித்தன. அமெரிக்காவின் நெவாடா மாநிலத்து வேர்ஜின் பள்ளத்தாக்குக் கற்களுக்கும் இதே குறை. அக்கறையுள்ள வணிகர்கள் கல்லை மாதக்கணக்கில் காயவிட்டுப் பார்த்த பிறகே விற்கிறார்கள். வாங்குகிறவரும் முதல் நாளே ஒரு படம், அதே வெளிச்சத்தில் வாரத்துக்கொரு படம் என்று எடுத்து வைத்துக்கொண்டால் புதுக்கோடு எப்போது வந்தது என்று தெரிந்துவிடும்.

இப்போது சோதிட வழிக்கு வருகிறேன். 2008இல் எத்தியோப்பியாவின் வொலோப் பகுதியில் பெரிய ஓப்பல் படிவு வெளிப்பட்டது. வெலோ ஓப்பல் என்ற பெயரில் இன்று குறைந்த விலைக்குக் கிடைக்கும் பளிச்சிடும் கற்களில் பெரும்பகுதி அங்கிருந்து வருகிறது. மெஸெஸோக் கற்களைவிட இவை உறுதியானவை. ஆனால் இவற்றில் பெரும்பாலானவற்றுக்கு ஒரு தனிக்குணம்: நீரை உறிஞ்சும். கழுவினால் கல்லின் எடை கூடும், உடல் கண்ணாடி போலத் தெளிந்துவிடும், நிறமாட்டம் மங்கும் அல்லது மறையும். காயும்போது மெல்ல மீளும். சில மணியிலும் மீளலாம், பல நாளும் ஆகலாம். வெறும் நீர் என்றால் பெரும்பாலும் பிழைத்துக்கொள்ளும். வேறெதையாவது உறிஞ்சினால் அது உள்ளேயே தங்கிவிடும்.

நம் வீட்டு வழக்கத்தை இதன் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். ராசிக்கல் மோதிரத்தை அணிவதற்கு முன் வெள்ளிக்கிழமை காலையில் பாலில் போட்டு எடுக்கச் சொல்கிறார்கள். மஞ்சள் நீரில் கழுவச் சொல்கிறார்கள். சந்தனமும் குங்குமமும் வைத்துப் பூசை செய்யச் சொல்கிறார்கள். பிறகு தலைக்கு எண்ணெய் தேய்க்கும் கையிலும் கறிக்கு மஞ்சள் போடும் கையிலும் அதே மோதிரம். கல் தோலில் படவேண்டும் என்பதற்காகக் கட்டின் அடிப்பக்கமும் திறந்திருக்கும். அதனால் வியர்வையும் சவர்க்காரமும் கீழிருந்தும் புகும். நீலக்கல்லுக்கோ கோமேதகத்துக்கோ இதெல்லாம் ஒன்றும் செய்யாது. நீர் உறிஞ்சும் ஓப்பலை ஒரே பூசையில் நிரந்தரமாக மஞ்சளாக்கிவிடலாம். அதற்குப் பிறகு கடைக்காரர் திருப்பி எடுக்கவும் மாட்டார். நம்பிக்கையை நான் குறை சொல்லவில்லை. பூசை செய்யட்டும், கல்லைத் தட்டில் வைத்துத் தீபம் காட்டுவதோடு நிறுத்திக்கொள்ளலாம். விளக்கின் சூட்டுக்குக் கிட்டே வைக்க வேண்டாம். ஓப்பலைப் பரிந்துரைக்கிற சோதிடர்கள் இந்த ஒரு செய்தியையும் சேர்த்துச் சொன்னால் எத்தனையோ பெண்களின் சேமிப்பு காப்பாற்றப்படும்.

நீர் உறிஞ்சும் கல்லா என்று அறிய, உலர்ந்த கல்லின் அடிப்பக்கத்தை நாக்கு நுனியில் வைத்துப் பார்ப்பது பழைய வழி. உறிஞ்சும் கல் சற்றே ஒட்டி இழுக்கும். சிறந்த வழி விற்பவரிடம் எந்த நாட்டுக் கல் என்று கேட்டு, அதைப் பற்றுச்சீட்டில் எழுதச் சொல்வது. மோதிரத்தைத் தண்ணீரில் போட்டுச் சோதிக்கக் கூடாது, குறிப்பாகத் திருப்பிக் கொடுக்க நேரலாம் என்ற நிலையில். "கருப்பு எத்தியோப்பிய ஓப்பல்" என்று மலிவாக வருபவற்றில் பெரும்பாலானவை புகையூட்டியோ சாயமேற்றியோ கருப்பாக்கியவை என்பதும் நினைவில் இருக்கட்டும்.

அடுத்த சோதனை பக்கவாட்டுப் பார்வை. மெல்லிய ஓப்பல் தகட்டைக் கருங்கல்லிலோ கண்ணாடியிலோ பிளாஸ்டிக்கிலோ ஒட்டிய கல்லை டப்லெட் என்பார்கள். அதன் மேல் தெளிந்த குவார்ட்ஸ் அல்லது கண்ணாடி மூடியும் ஒட்டினால் ட்ரிப்லெட். இவை மோசடி அல்ல. ஒட்டுக்கல் என்று சொல்லி, அதற்குரிய விலைக்கு விற்றால் நேர்மையான பொருட்களே. பக்கத்திலிருந்து பார்த்தால் ஒட்டிய இடம் நூல் பிடித்தாற்போல் நேர்கோடாகத் தெரியும்; இயற்கைக் கல்லில் நிறப்படலமும் அடிக்கல்லும் சேரும் இடம் வளைந்து நெளிந்திருக்கும். நலக்கேடு இவற்றில் வேறு விதம். ஒட்டுக்குள் ஈரம் புகுந்தால் ஓரத்திலிருந்து சாம்பல் நிறப் புகைமூட்டம் நடுவை நோக்கிப் பரவும். ஓரத்தில் சிறு மங்கல் கண்டால்கூட வைத்துக்கொள்ள வேண்டாம் என்பதே என் கருத்து. அது நிற்காது, திருத்தவும் பெரும்பாலும் முடியாது. குளோஸ் செட்டிங்கில், அதாவது அடிப்பக்கம் உலோகத்தால் அடைத்த கட்டில், ஒட்டுக்கல்லை அடையாளம் காண்பது கடினம். அடைத்த கட்டில் வரும் ஓப்பலை முழுக்கல் என்ற விலைக்கு வாங்கச் சொன்னால் மறுத்துவிடலாம்.

போலிகளைப் பற்றி நீட்ட வேண்டியதில்லை. பால்நீலமாக மின்னி, பின்வெளிச்சத்தில் ஆரஞ்சாகத் தெரியும் "ஓப்பலைட்" வெறும் கண்ணாடி. நம் நாட்டு மீட்டியாகொடவின் சந்திரகாந்தக் கல்லை ஓப்பல் என்று நினைப்பவர்களும் உண்டு. அதில் நீலவெள்ளை ஒளி ஒரே திரையாக மிதக்கும், பல நிறப் புள்ளிகள் தெறிக்காது. 1974இல் கில்சன் என்பவர் அறிமுகப்படுத்திய செயற்கை ஓப்பலில் நிறத்திட்டுகள் மேலிருந்து பார்த்தால் பல்லித்தோல் போலவும் பக்கத்திலிருந்து பார்த்தால் தூண்கள் போலவும் இருக்கும். ஐயம் தீரவில்லையென்றால் கொழும்பில் இரத்தினக்கல் அதிகார சபையின் பரிசோதனைக்கூடம் இருக்கிறது. கல் என்ன என்பதை ஒரு கட்டணத்துக்கு அங்கே எழுத்தில் வாங்கிவிடலாம். பெரிய விலைக்கு வாங்கும் கல்லுக்கு அந்தப் பயணம் வீண் அல்ல.

கல்லைப் பார்த்த பிறகு கல்லைப் பிடித்திருக்கும் கட்டையும் பார்க்க வேண்டும். காதருகே வைத்து மெல்லத் தட்டினால் தளர்ந்த கல் சத்தம் கொடுக்கும். கொக்கி ஒன்று தேய்ந்திருந்தால் உடனே பத்தரிடம் போகிறோம். அங்கேதான் இன்னோர் ஆபத்து. பற்றவைக்கும் முன் ஓப்பலைக் கழற்றியே ஆக வேண்டும். ஊதுகுழல் சுடர் அருகில் வந்தாலே கல் வெடிக்கலாம். நகையை வெளுக்கப் பயன்படுத்தும் அமிலம், நீராவி, அதிர்வலைத் தொட்டி எதுவும் ஆகாது. பவுன் நகையோடு சேர்த்துப் பூந்திக்கொட்டை நீரில் ஊறப்போடுவதும் ஆகாது. அடகுக்குப் போகும் நகைக்கும் இதே எச்சரிக்கை தேவை. கல்லுக்குப் பெறுமதி போடாத இடத்தில் கல்லின் நிலையை யாரும் எழுதி வைப்பதில்லை. மீட்கும்போது வெடிப்பைக் காட்டிப் பேச ஆதாரம் இருக்காது. அடகு வைக்க நேர்ந்தால் முன்பே படம் எடுத்துவைத்து, முடிந்தால் கல்லைக் கழற்றிக்கொண்டு உலோகத்தை மட்டும் வைப்பது நல்லது.

ஊவாவின் காற்றைப் பற்றியும் சொல்ல வேண்டும். மேற்கு மலைகளில் தென்மேற்குப் பருவமழை கொட்டும் மாதங்களில் பதுளைப் பக்கம் உலர்ந்த காற்று வீசுகிறது. யூலை முதல் செப்டெம்பர் வரையிலான அந்தக் கச்சான் காற்றுத்தான் ஊவாத் தேயிலைக்குத் தனி மணத்தைக் கொடுப்பது. கொழுந்து காற்றுக்கு வாடுவதால் கிடைக்கும் மணம் அது. பிறகு ஒக்டோபர் முதல் மழையும் ஈரமும். நன்றாகக் காய்ந்து நிலைபெற்ற அவுஸ்திரேலிய ஓப்பலை இந்த மாற்றம் பெரிதாகத் தொடாது. நீர் உறிஞ்சும் கல்லோ காய்ந்த மாதத்தில் ஒருவிதமாகவும் மழை மாதத்தில் வேறுவிதமாகவும் தோன்றும். மழைநாளில் மங்கியது என்று பதறிவிடக் கூடாது. லயத்து வீட்டில் அடுப்புக்கு மேலே பரணில் நகைப்பெட்டியை வைப்பவர்கள் ஓப்பலை மட்டும் அங்கிருந்து எடுத்துவிட வேண்டும். புதுப்பை, புதுப்பெட்டிகளில் வரும் ஈரம் உறிஞ்சும் சிலிக்கா ஜெல் பொட்டலத்தோடும் சேர்த்து வைக்கக் கூடாது. மென்துணியில் தனியாகச் சுற்றி, மற்ற நகை உரசாத இடத்தில் வைத்தால் போதும். எண்ணெயில் போட்டு வைக்கச் சொல்வதைக் கேட்க வேண்டியதில்லை.

வாங்கிய நகையில் குறை தெரிந்துவிட்டது, இனி என்ன? வெடிப்புவலை என்றால் திருப்பிக் கொடுக்க வேண்டும். மேலே கீறி மங்கியது மட்டும் என்றால் விலையைக் குறைத்துப் பேசலாம். போதிய தடிப்புள்ள முழுக்கல்லைப் பட்டறையில் மறுபடி மெருகேற்ற முடியும். இதற்கெல்லாம் பற்றுச்சீட்டு வேண்டும். "ஓப்பல் மோதிரம் 1" என்று எழுதிய சீட்டு போதாது. முழுக்கல்லா, ஒட்டுக்கல்லா, எந்த நாடு, பதப்படுத்தியதா, எத்தனை நாளுக்குள் திருப்பலாம் என்பவை அதில் இருக்க வேண்டும். 2003ஆம் ஆண்டின் 9ஆம் இலக்க நுகர்வோர் அலுவல்கள் அதிகார சபைச் சட்டப்படி, வாங்கிய மூன்று மாதத்துக்குள் எழுத்தில் முறையிடலாம். தாமதமாக வெடிக்கும் கல்லுக்கு மூன்று மாதம் அதிகமான காலமல்ல. வாரத்துக்கொரு படம் எடுக்கச் சொன்னதன் பயன் இங்கேதான்.

பரம்பரையாக வந்த கல்லைத் திருப்பிக் கொடுக்க யாரும் இல்லை. அதில் வெடிப்பு இருந்தால் அது பழையதா, இன்னும் வளர்கிறதா என்பதே கேள்வி. முப்பது, நாற்பது வருடமாக அதே கோடுகளோடு இருக்கும் கல் பெரும்பாலும் நிலைத்துவிட்ட கல். விற்றால் விலை போகாது, அணிய உதவும். மோதிரமாக இருந்தால் பதக்கமாகவோ தோடாகவோ மாற்றிக் கட்டச் சொல்லலாம். கொழுந்து பறிக்கும் கையிலும் பாத்திரம் கழுவும் கையிலும் படும் அடி கழுத்தில் படாது. கட்டும்போது கொக்கிகளைவிடக் கல்லைச் சுற்றி முழு விளிம்பாகப் பிடிக்கும் கட்டே நல்லது. கல்லின் ஓரம் உலோகத்துக்கு மேலே துருத்தி நிற்காமல் சற்றுத் தாழ்ந்திருக்க வேண்டும் என்று பத்தரிடம் முன்கூட்டியே சொல்லிவிட வேண்டும்.